கரண்ட் போனா சோலாரும் போயிடுமா? மன்னவனூர் போன்ற மலைக் கிராமங்களுக்கு புயல் காலத்தில் வீட்டு சூரிய மின்சாரம் எவ்வளவு கைகொடுக்கும்?

நவம்பர் மாதம். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டி மேல்மலைக்குப் போகும் சாலையில் ஒரு யூகலிப்டஸ் மரம் சாய்கிறது. மரத்தோடு சேர்ந்து மின்கம்பியும் அறுகிறது. அந்த நிமிடத்தில் இருந்து மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி பக்கத்து வீடுகளில் இருட்டு. சாலையும் அடைபட்டதால் லைன்மேன் வரவும் வழியில்லை. மழைக்காலத்தில் மேல்மலைக்காரர்களுக்கு இது புதிய கதை கிடையாது.

இப்படி ஒரு இரவுக்குப் பிறகுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சு எழும்: "பேசாம சோலார் போட்டுடலாமா?" கேள்வி நியாயமானது. ஆனால் பதில் விளம்பரங்களில் சொல்லப்படுவது போல அவ்வளவு எளிதில்லை. கூரையில் 3 கிலோவாட் சோலார் வைத்திருக்கும் வீடுகூட, கரண்ட் போன அடுத்த நொடி பக்கத்து வீட்டைப் போலவே இருட்டாகிவிடலாம். அதே ஊரில் ஒரே ஒரு பேனலும் ஒரு பேட்டரியும் வைத்திருக்கும் வீட்டில் ஐந்து நாளும் விளக்கு எரியலாம்.

ஏன் இப்படி? மலைக் குளிரிலும் மேகத்திலும் சோலார் எவ்வளவு வேலை செய்யும்? அரசு மானியம் இதற்கு உதவுமா?

கஜா புயல் மலைக்கு ஏறியபோது

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களின் தென்னையும் வாழையும் மண்ணோடு சாய்ந்த காட்சிகளை தமிழ்நாடு மறந்திருக்காது. ஆனால் அந்தப் புயல் கடற்கரையோடு நிற்கவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை வழியாக மேற்கே நகர்ந்து, வலுவிழந்த நிலையில் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்துதான் கேரளப் பக்கம் போனது. வழியில் இருந்த கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது.

மாநிலம் முழுவதும் கஜாவில் சேதமான மின்கம்பங்கள் 1 லட்சத்துக்கும் அதிகம். புயல் வீசியது ஒரு இரவுதான். ஆனால் டெல்டாவின் உள் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர், போன் சார்ஜ் போட காசு என்று மக்கள் அலைந்தார்கள்.

சோலார் பற்றிப் பேசும்போது இந்த இடைவெளிதான் முக்கியம். புயலும் மேகமும் பொதுவாக ஒன்றிரண்டு நாளில், போனால் மூன்று நாளில் விலகிவிடும். அறுந்த கம்பி அப்படி இல்லை. கஜா போன பிறகு வெயில் அடித்த நாட்களிலும் ஊர்கள் இருட்டில் இருந்தன. அதாவது, 'புயல் நேரத்தில் சூரியனே இல்லையே, சோலார் எதுக்கு?' என்ற வாதம் பாதிதான் சரி. புயல் அடிக்கும் அந்த இரண்டு நாளுக்கு சோலாரால் பெரிய உபயோகம் இல்லை. அதற்கடுத்து வெயிலோடு வரும் இருட்டு வாரத்துக்குத்தான் அது உதவும்.

மலைக் கிராமத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. மன்னவனூர், கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம், ஏரி, பூண்டு வயல்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த ஊர். ஆனால் அங்கே போகும் வழி காட்டு வழி. யூகலிப்டஸ், வாட்டில், பைன் என்று வெளியில் இருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள் சாலையோரம் நெருக்கமாக நிற்கின்றன. ஈர மண்ணில் பலத்த காற்று அடித்தால் இவை விழுகின்றன. ஒரு மரம் விழுந்தால் சாலை, கரண்ட் இரண்டும் சேர்ந்தே போகும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் சரியாகும் பழுது, மலையில் மறுநாளுக்குத் தள்ளிப் போவது இதனால்தான்.

பெரிய சோலார் வீடு ஏன் இருட்டாகிறது?

இப்போது பெரும்பாலான வீடுகளில் போடப்படுவது 'ஆன்-கிரிட்' சோலார். பகலில் பேனல் தயாரிக்கும் மின்சாரத்தை வீடு பயன்படுத்தும், மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், இரவில் கம்பியில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது. ஒரு வகையில், மின்வாரியக் கம்பிதான் இந்த வீட்டின் பேட்டரி.

அந்தக் கம்பி செத்துவிட்டால்? இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். இது பழுது இல்லை, வேண்டுமென்றே வைக்கப்பட்ட பாதுகாப்பு. காரணம் எளிது. ஊரில் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அப்போது ஒரு வீட்டுக் கூரையில் இருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிர் போகும். அதனால் உலகம் முழுக்க இந்த வகை இன்வெர்ட்டர்கள், கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் அணைந்துவிட வேண்டும் என்பது விதி. நல்ல வெயில் அடித்தாலும் அப்படித்தான்.

சோலார் விற்க வருபவர்களில் எத்தனை பேர் இதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்கிறார்கள் என்பது வேறு கதை. 'கரண்ட் பில் ஜீரோ' என்பதும் 'கரண்ட் கட் ஜீரோ' என்பதும் ஒன்றல்ல.

கம்பி செத்தாலும் வீடு எரிய வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, 'ஹைபிரிட்' இன்வெர்ட்டரும் பேட்டரியும். கரண்ட் போனதும் இது வீட்டை மின்வாரியக் கம்பியில் இருந்து துண்டித்து, உள்ளுக்குள் மட்டும் மின்சாரம் கொடுக்கும். இன்னொன்று, 'ஆஃப்-கிரிட்'. மின்வாரியத்தோடு சம்பந்தமே இல்லாமல் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி என்று தனியாக நிற்கும் சின்ன அமைப்பு. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால், அதோடு ஒரு பேனலும் கன்ட்ரோலரும் சேர்ப்பதும் இந்த வகைதான்.

மானியம் யாருக்கு?

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 1 கோடி வீடுகள் இலக்கு, மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான ஜிஎஸ்டியும் 12இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மானியம் மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரை சோலாருக்கு. மானியத் தொகை, பேனல் எத்தனை கிலோவாட் என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பேட்டரிக்குத் தனியாகப் பணம் இல்லை. தனித்து நிற்கும் சின்ன ஆஃப்-கிரிட் அமைப்பு இந்தத் திட்டத்துக்குள்ளேயே வராது. ஆக, மானியத்தோடு சுலபமாகக் கிடைக்கும் மாடல் புயல் இரவில் அணைந்துவிடும். புயல் இரவில் எரியும் மாடலுக்கு, செலவில் பெரும்பகுதியான பேட்டரியை வீட்டுக்காரரே வாங்க வேண்டும்.

மேல்மலையின் சின்ன விவசாயி வீட்டுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் சில படிகளுக்கு மானியக் கட்டணம். ஃபேன், ஏசி தேவைப்படாத குளிர் ஊரில், நாலு பல்பும் ஒரு டிவியும் மிக்ஸியும் ஓடும் வீட்டுக்கு வரும் பில் சொற்பம். அந்தப் பில்லை மிச்சப்படுத்த ஒன்றரை, இரண்டு லட்சம் போடுவதில் அர்த்தமே இல்லை. போட்ட காசு எந்தக் காலத்திலும் திரும்பாது.

அப்படியானால் அந்த வீட்டுக்கு சோலார் வேண்டாமா? கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். 'பில் எவ்வளவு குறையும்' என்பது ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துபவர்களின் கேள்வி. கீசரும் ஹீட்டரும் ஓடும் அவர்களுக்கு 3 கிலோவாட் ஹைபிரிட் கணக்கு ஒத்துவரலாம். சாதாரண வீட்டின் கேள்வி, 'கரண்ட் இல்லாத ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது' என்பது. அதற்கு 3 கிலோவாட் தேவையே இல்லை.

மலையில் வெயில் போதுமா?

கொடைக்கானலையும் சூரியனையும் பற்றி ஒரு பழைய சங்கதி. 1899இல் கொடைக்கானலில் ஒரு வானாய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. அது இரவு நட்சத்திரங்களைவிட சூரியனைப் பார்ப்பதற்கென்றே பேர் பெற்றது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் காட்டும் 'எவர்ஷெட் விளைவு' 1909இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கும் மலை இது. மேகம் விலகிய நாளில் அங்கே கிடைக்கும் வெளிச்சம் தெளிவானது.

குளிர்காலம் என்றதும் சூரியன் பலவீனம் என்று நினைக்கத் தோன்றும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் அது உண்மை. மன்னவனூருக்கு இல்லை. பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கே இருக்கும் ஊர் என்பதால், வருடத்தின் மிகக் குறைந்த பகலான டிசம்பர் 21, 22 தேதிகளிலும் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். உச்சி நேரத்தில் சூரியன் அடிவானத்தில் இருந்து 56 டிகிரிக்கு மேல் நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதன் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மதுரையில் மே மாதம் மொட்டை மாடியில் கொதிக்கும் பேனலைவிட, ஜனவரியில் மன்னவனூர்க் கூரையில் இருக்கும் அதே பேனல் அதே வெளிச்சத்துக்குக் கூடுதலாகவே கொடுக்கும்.

மேல்மலைக்கு உண்மையில் இரண்டு குளிர்காலங்கள். டிசம்பர் பிற்பாதியில் இருந்து பிப்ரவரி வரையிலான உறைபனிக் காலம் ஒன்று. இரவில் புல் வெள்ளையாகும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். இது சோலாருக்கு நல்ல காலம். காலையில் பேனல் மேல் படியும் பனி வெயில் பட்டதும் உருகிவிடும். பேனலைச் சுரண்டவோ சுடுதண்ணீர் ஊற்றவோ வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்.

இன்னொன்று அக்டோபர், நவம்பர், டிசம்பர் முற்பாதி. வடகிழக்குப் பருவமழையும் வங்கக்கடல் புயலும் வரும் காலம். மேகம் மலையைத் தொட்டுக்கொண்டே கிடக்கும். இதில்தான் சிக்கல். நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பேனல் தமிழ்நாட்டில் சுமார் 4 யூனிட் தரும். கனமான மழைமேகம் மூடினால் அதில் 10 முதல் 25 சதவீதம் வரைதான். அதாவது அரை யூனிட்டில் இருந்து ஒரு யூனிட். சுத்தமாக பூஜ்ஜியம் இல்லை, ஆனால் அதை நம்பி கீசர் போட முடியாது.

பேனலை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதும் இங்கே மாறும். வருடம் முழுக்க அதிக மின்சாரம் வேண்டுமென்றால் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதும் என்பார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரைதான் அவசரத் தேவை என்றால் 20 டிகிரி வரை சாய்ப்பது நல்லது. தாழ்ந்து வரும் குளிர்கால சூரியன் நேராக விழும், மழைநீரும் பாசியும் தங்காது. ஆனால் சாய்வு கூடினால் காற்று பிடிக்கும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் பேனலை ஷீட்டில் மட்டும் முடுக்கினால், புயலில் ஷீட்டோடு சேர்த்துப் பறக்கும். அடியில் இருக்கும் சட்டத்தில், கூரை விளிம்பை விட்டுத் தள்ளி, கட்ட வேண்டும். காற்று முதலில் தூக்குவது விளிம்புகளையும் மூலைகளையும்தான்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு 330 வாட் பேனல், ஒரு 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூப்ளர் பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர். இதை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 12 பெருக்கல் 150, அதாவது 1,800 வாட் ஹவர், 1.8 யூனிட். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கினால் ஆயுள் குறையும். பாதிதான் எடுக்க வேண்டும் என்று வைத்தால் கையில் இருப்பது 0.9 யூனிட். வெயில் நாளில் பேனல் சுமார் 1.3 யூனிட் தரும். புயல் நாளில் அதில் 15 சதவீதம் என்றால் 0.2 யூனிட்.

இனி செலவு. 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, தினம் 4 மணி நேரம்: 108 வாட் ஹவர். மூன்று போன் சார்ஜ்: சுமார் 45. வைஃபை ரவுட்டர் 6 மணி நேரம்: 60. மொத்தம் 213 வாட் ஹவர், கால் யூனிட்டுக்கும் குறைவு. இந்த வேகத்தில் கவலையே இல்லை என்று தோன்றும்.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு ஓட்டை இருக்கிறது. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே மின்சாரம் குடிக்கும். சின்ன இன்வெர்ட்டர்கூட 10 முதல் 20 வாட் இழுக்கும். 15 வாட் என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 360 வாட் ஹவர். விளக்கு, போன், ரவுட்டர் மூன்றும் சேர்ந்து செலவழிப்பதைவிட இது அதிகம்!

இரவு பகலாக இன்வெர்ட்டரை ஆன் செய்தே வைத்தால் தினம் 573 வாட் ஹவர் போகும். மூன்று நாள் மேகம் மூடினால் வரவு 0.9 கூட்டல் 0.6, அதாவது 1.5 யூனிட். செலவு 1.7 யூனிட். மூன்றாம் நாள் இரவே வீடு இருட்டு. அதே வீட்டில் இன்வெர்ட்டரை மாலையில் 5 மணி நேரம் மட்டும் போட்டு, மற்ற நேரம் அணைத்தால் தினச் செலவு 290 வாட் ஹவர்தான். ஐந்து நாள் சூரியன் தலை காட்டாவிட்டாலும் தாங்கும். சார்ஜ் கன்ட்ரோலரிலேயே யூ.எஸ்.பி. பாயிண்ட் இருந்தால் போனை அதில் நேரடியாகப் போடலாம், இன்வெர்ட்டர் வேண்டியதில்லை. 12 வோல்ட் டி.சி. பல்பு இரண்டு மாட்டினால் இன்னும் மிச்சம்.

இது காகிதக் கணக்கு. பேட்டரி பழசு என்றால் குறையும். குளிரிலும் குறையும்: 27 டிகிரியில் முழுசாகக் கொடுக்கும் லெட்-ஆசிட் பேட்டரி, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அதில் 80 சதவீதம் அளவுக்குத்தான் கொடுக்கும். பேட்டரியை வெளித் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள், காற்றோட்டம் உள்ள இடத்தில் வைப்பது மலையில் முக்கியம். ஆனால் படுக்கும் அறையிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது வெளிவரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

இந்தக் கணக்கில் எதற்கு இடமில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும். ரூம் ஹீட்டர் 4 மணி நேரம் ஓடினால் 4 முதல் 8 யூனிட். கீசர் 20 நிமிடத்துக்கு சுமார் 0.7 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில், எல்லாமே சூடு உண்டாக்கும் சாதனங்கள். பேட்டரியை அரை மணி நேரத்தில் காலி செய்யக்கூடியவை. சூட்டுக்கு விறகும் கேஸும், வெளிச்சத்துக்கும் போனுக்கும் சோலார் என்று பிரித்துக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்கும். மிக்ஸியை, வானம் கொஞ்சம் வெளுக்கும் மதிய நேரத்தில் ஓட்டிக்கொள்ளலாம்.

லித்தியம் வாங்கினால்?

லித்தியம் பேட்டரி விலை அதிகம், ஆயுளும் அதிகம். 80, 90 சதவீதம் வரை இறக்கிப் பயன்படுத்தலாம், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. அதனால் பலரும் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மேல்மலைக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. வீட்டு சோலாரில் பரவலாக வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரிகளில் இதைத் தடுக்கும் மின்சுற்று இருக்கும், குளிர்ந்தால் சார்ஜ் ஏறாது. மலிவான பேட்டரிகளில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சென்னையில் இந்தக் கேள்வியே எழாது என்பதால் கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம். உறைபனி விழும் ஊர்க்காரர்கள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: 'ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜிங் கட் ஆகுமா?'

உயிர் சம்பந்தப்பட்ட கருவிகள்

வீட்டில் நோயாளி இருந்தால் கணக்கு வேறு. ஆஸ்துமாக்காரருக்கான நெபுலைசர் 15 நிமிடம் ஓடினால் ஆகும் மின்சாரம் மிகக் குறைவு, மேலே சொன்ன சின்ன அமைப்பே போதும். இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் ஓட வேண்டுமே என்று பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும், நவம்பர் மன்னவனூரில் அறையே குளிர்பெட்டி மாதிரிதான். அது உறைந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் அப்படி இல்லை. 5 லிட்டர் கருவி மணிக்கு சுமார் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 7, 8 யூனிட். மேகம் மூடிய நாட்களில் இதைத் தாங்கும் அளவுக்கு சாதாரண வீட்டு சோலார் எதுவும் வராது. வானிலை மையத்தின் ஆரஞ்சு, ரெட் அலர்ட் வந்ததும் அந்த நோயாளியை கொடைக்கானலுக்கோ கீழே சமவெளிக்கோ கொண்டுபோய்விடுவதுதான் சரி. மரம் விழுந்த பிறகு 35 கி.மீ. என்பது மிக நீண்ட தூரம். நிறைமாத கர்ப்பிணிகளுக்கும் இதே பேச்சுதான்.

உலகம் என்ன பார்த்தது?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை பனிப்புயல் தாக்கியபோது 45 லட்சம் வீடுகள், கடைகளுக்கு மேல் மின்சாரம் இழந்தன. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள், பலர் குளிரில். அங்கேயும் பேட்டரி இல்லாத கூரை சோலார், கம்பி செத்ததும் அணைந்தது. பனி மூடிய பேனல்கள் வேறு.

மன்னவனூருக்கு நெருக்கமான உதாரணம் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவின் மின்கட்டமைப்பையே சாய்த்தது. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்ப கிட்டத்தட்ட 11 மாதம் ஆனது. மலைப்பகுதியில் இருக்கும் அட்ஹுந்தாஸ் என்ற சிறு ஊரில், காசா புவெப்லோ என்ற சமூக அமைப்பின் கட்டடத்தில் மட்டும் பல வருடம் முன்பே போட்டிருந்த சோலாரும் பேட்டரியும் வேலை செய்தன. ஊர் மக்கள் அங்கே வந்து போன் சார்ஜ் போட்டார்கள், மருத்துவக் கருவிகளை ஓட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சோலார் பரவியது.

பக்கத்திலேயே இலங்கை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையகத்தைப் புரட்டிப் போட்டது. நிலச்சரிவில் சாலையும் கரண்டும் தொலைத்தொடர்பும் ஒன்றாகப் போனபோது, எந்தத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் உறவினர்கள் தவித்தார்கள். வீட்டில் போன் சார்ஜ் இருந்து என்ன, டவரில் கரண்ட் இல்லையே என்ற நிலை. செல்போன் டவர்களும் பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். சாலை அடைபட்டால் டீசலும் வராது.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு சோலார் என்ற யோசனை புதிதல்ல. 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சோலார் விளக்குகளும் கொடுக்கப்பட்டன. மின்வாரியக் கம்பி இல்லாவிட்டாலும் எரியும் விளக்கு என்ற வகையில், புயல் இரவுக்கு இன்றைய ஆன்-கிரிட் திட்டத்தைவிட அதுவே பொருத்தமான யோசனை. ஆனால் பேனல் 25 வருடம் உழைக்கும், பேட்டரி சில வருடங்களில் மாற்ற வேண்டியது. அந்த மாற்றுச் செலவு யார் தலையில் என்பதை எந்தத் திட்டமும் தெளிவாக யோசிப்பதில்லை. இப்போதைய மானியத்திலும் அதே ஓட்டைதான்.

எல்லா வீட்டுக்கும் பேட்டரி வாங்க முடியாது என்பது நிஜம். ஊருக்கு ஒன்றாவது வைக்கலாமே? ஊராட்சி அலுவலகம், பள்ளி, துணை சுகாதார நிலையம் போன்ற கட்டடங்களில் ஏதாவது ஒன்றின் கூரையில் 3 முதல் 5 கிலோவாட் ஹைபிரிட் சோலாரும் போதிய பேட்டரியும் இருந்தால், போன் சார்ஜ், நெபுலைசர், ஒயர்லெஸ் கருவி, இரவு வெளிச்சம் என்று ஊருக்கே ஒரு இடம் கிடைக்கும். மேல்மலை ஊராட்சிகளின் கிராம சபையில் கேட்கக்கூடிய கோரிக்கைதான் இது.

மழைக்கு முன்னாடி செய்ய வேண்டியது

ஏற்கெனவே சோலார் வைத்திருப்பவர்கள் அக்டோபர் பிறப்பதற்கு முன் பார்க்க வேண்டிய சில வேலைகள் உண்டு. பேனல் மேல் நிழல் விழும் கிளைகளை வெட்டுவது, கிளாம்ப், போல்ட் துரு பார்த்து முடுக்குவது, டியூப்ளர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்ப்பது. மலையில் இடி அதிகம் என்பதால் எர்த்திங்கும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லாமல் சோலார் போடுவது காசை இடிக்குப் பலி கொடுப்பது மாதிரி. புயல் எச்சரிக்கை வந்ததும், கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை முழுசாக ஏற்றிவிட வேண்டும்.

காற்றில் பேனல் உடைந்து தொங்கினால் கையால் தொடக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெளிச்சம் படும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். உடைந்ததிலும் இருக்கும், தண்ணீரில் கிடப்பதிலும் இருக்கும். வாடகை ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகி கரண்ட் கொடுக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் இப்படிச் செய்தால் மின்சாரம் வெளிக் கம்பிக்கு ஏறும். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக அணைவது எந்த லைன்மேனைக் காப்பாற்றவோ, அதே ஆள்தான் அப்போது கம்பத்தில் இருப்பார்.

அறுந்த கம்பியைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல், மின் பகிர்மானக் கழகத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குத் தகவல் சொல்லலாம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய்த்தான் அழைக்க வேண்டியிருக்கும் ஊர்களில், அந்த ஒரு அழைப்புக்காவது போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.